குழந்தைகளின் சிறுநீர்ப் பரிசோதனை: ஊசியும் குழாயும் இல்லாமல்

இருமல் இல்லை, மூக்கொழுகல் இல்லை, வயிற்றோட்டம் இல்லை. காய்ச்சல் மட்டும் 39 பாகையில் நிற்கிறது. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தை ஒன்று இப்படி வைத்தியரிடம் வரும்போது முதலில் தேடிப்பார்க்க வேண்டிய இடங்களில் ஒன்று சிறுநீர். காய்ச்சலுடன் வரும் இந்த வயதுக் குழந்தைகளில் ஏறத்தாழ 100க்கு 7 பேருக்குச் சிறுநீர்த் தொற்று இருப்பதாக, பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்த மதிப்பீடு சொல்கிறது. பெரியவர்கள் எரிவு என்பார்கள், அடிக்கடி சலம் போகிறது என்பார்கள். ஆறு மாதக் குழந்தைக்கு அந்த வாய் இல்லை. பால் குடிக்க மறுக்கும், சத்தி எடுக்கும், சிணுங்கும், நிறை ஏறாமல் நிற்கும். பிறந்து சில வாரமே ஆன சிசுவில் மஞ்சள் காமாலை நீடிப்பதுகூட இந்தத் தொற்றின் அடையாளமாக இருக்கலாம்.

தொற்றை உண்டாக்குவது பெரும்பாலும் குடலிலேயே குடியிருக்கும் ஈ.கோலை என்ற பக்ரீரியா. பத்தில் எட்டுத் தொற்றுகளுக்கு மேல் அதன் வேலைதான். மலவாயின் அருகிலிருந்து சிறுநீர்வழியாக ஏறிச் சிறுநீர்ப்பையை அடைகிறது. சில பிள்ளைகளில் அங்கிருந்து சிறுநீரகம் வரை போகிறது. பிறந்த முதல் மாதங்களில் ஆண் குழந்தைகளுக்கே இது அதிகம். பிறகு பெண் குழந்தைகள் முந்திவிடுகிறார்கள். சிறுநீரகம் வரை ஏறிய தொற்றுக்கு மருந்து தாமதித்தால் அந்த இடம் ஆறும்போது தழும்பு விழலாம். முதல் தொற்றுக்குப் பின் ஸ்கான் செய்து பார்த்த பிள்ளைகளில் சுமார் 15 வீதத்தினரிடம் இப்படியான தழும்பு காணப்பட்டிருக்கிறது. பரந்த தழும்பு பின்னாளில் உயர் இரத்த அழுத்தத்துக்கும் சிறுநீரகச் செயலிழப்புக்கும் வழிவிடலாம்.

கொழும்பில் காய்ச்சல் என்றதும் வீட்டாருக்கும் வைத்தியருக்கும் முதலில் நினைவு வருவது டெங்கு. அது நியாயமான பயம். வெள்ளவத்தையிலும் பாமன்கடையிலும் கொட்டாஞ்சேனையிலும் மழைக்காலம் வந்தால் எந்த ஆய்வுகூடத்திலும் இரத்தப் பரிசோதனைக்கு வரிசை நிற்கும். குழந்தையின் விரலிலோ கையிலோ குத்தி இரத்தம் எடுப்பது ஒரு நிமிட வேலை. அதே துண்டில் சிறுநீருக்கும் எழுதியிருக்கும். ஆனால் சிறுநீர் நினைத்த நேரத்தில் வராது. போத்தலைக் கொண்டுபோய் நாளைக்குத் தருகிறோம் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள். காய்ச்சலுக்கு ஏதாவது அன்டிபயோட்டிக் தொடங்கிவிடுவார்கள். அடுத்த நாள் அந்தப் போத்தல் வெறுமையாகவே இருக்கும், அல்லது அதில் வரும் சிறுநீர் உண்மையைச் சொல்லாது. குழந்தைகளின் சிறுநீர்ப் பரிசோதனையில் நடக்கும் தவறுகளில் பெரும்பகுதி நுணுக்குக்காட்டியின் கீழ் நடப்பதல்ல, போத்தல் நிரம்பும் முன்பே நடந்துவிடுவது.

சிறுநீரை எடுக்க வைத்தியத்தில் பல வழிகள் உண்டு. மிகச் சுத்தமானது, அடிவயிற்றில் மெல்லிய ஊசி ஏற்றிச் சிறுநீர்ப்பையிலிருந்து நேரே உறிஞ்சுவது. வெளிக்கிருமி கலக்கும் வாய்ப்பு அதில் நூற்றுக்கு ஒன்று அளவில்தான். அடுத்தது மெல்லிய குழாயைச் சிறுநீர்வழியால் செலுத்தி எடுப்பது. பத்தில் ஒன்று அளவில் கலப்பு நேரலாம். இரண்டும் நம்பகமானவை, இரண்டும் குழந்தையை நோகச் செய்பவை. கடும் சுகவீனமுற்ற, மருந்தை ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போட முடியாத சிசுவுக்கு அந்த நோவு தவிர்க்க முடியாதது. பொறளையிலுள்ள சீமாட்டி றிஜ்வே சிறுவர் வைத்தியசாலை போன்ற இடங்களில் பயிற்சி பெற்றவர்கள் அதைச் செய்வார்கள். அதைக் கொடுமை என்று நினைத்துப் பெற்றோர் மறுப்பது பிள்ளைக்கு நன்மை செய்வதாகாது. மற்றப் பெரும்பாலான குழந்தைகளுக்கு ஊசியும் குழாயும் இல்லாத வழிகளே போதும்.

அவற்றில் எளிதாகத் தெரிவது பை. ஒட்டும் விளிம்புள்ள சிறு பிளாஸ்டிக் பையைக் குழந்தையின் பிறப்புறுப்பைச் சுற்றி ஒட்டிவிட்டால் சிறுநீர் தானாக விழும். ஆனால் அது தோலைத் தடவி, சில வேளை மலத்தையும் தொட்டுத்தான் பைக்குள் சேருகிறது. பையில் எடுத்த சிறுநீரில் ஏறத்தாழ பாதியில் வெளிக்கிருமி கலந்துவிடுகிறது. அமெரிக்கக் குழந்தை வைத்தியர் கழகம் 2011இல் வெளியிட்ட வழிகாட்டி இதில் ஒரு தெளிவான கோட்டைப் போட்டது. பையில் எடுத்த சிறுநீரில் துண்டைத் தோய்த்துப் பார்க்கும் பரிசோதனையில் ஒன்றும் இல்லையென்றால் தொற்று இருக்க வாய்ப்புக் குறைவு என்று கொள்ளலாம். ஏதாவது தெரிந்தால் அதை வைத்துத் தொற்று என்று முடிவு கட்டக்கூடாது. வேறு வழியில் மறுபடி எடுக்க வேண்டும். பைக்கு ‘இல்லை’ என்று சொல்லத் தகுதி உண்டு, ‘ஆம்’ என்று சொல்லத் தகுதி இல்லை. இதை மறந்து பைச் சிறுநீரை, கிருமி வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கு அனுப்புவதால், தொற்றே இல்லாத எத்தனையோ பிள்ளைகள் ஒரு வாரத்துக்கு மேல் அன்டிபயோட்டிக் குடிக்கிறார்கள், தேவையில்லாத ஸ்கான்களுக்கும் போகிறார்கள். நப்பிக்குள் பஞ்சை வைத்துப் பிழிந்தெடுப்பதும் நம்பத் தகாதது.

எஞ்சுவது கையில் போத்தலுடன் காத்திருந்து நடுத்தாரையைப் பிடிப்பது. பிரித்தானிய வழிகாட்டி முதலில் பரிந்துரைப்பதும் இதைத்தான். பாமன்கடைத் தொடர்மாடி வீடொன்றில் இது எப்படி நடக்கும் என்று பார்த்தால் அதன் நுட்பம் விளங்கும். குழந்தைக்குப் பால் கொடுத்து இருபது, இருபத்தைந்து நிமிடம் ஆகியிருக்கிறது. நப்பியைக் கழற்றி, வெறும் தண்ணீராலும் சவர்க்காரத்தாலும் கழுவி, சுத்தமான துவாயால் ஒற்றி எடுக்கிறார்கள். டெற்றோல் போன்ற கிருமிநாசினி கூடாது. அதன் ஒரு துளி போத்தலில் விழுந்தாலும் கிருமி வளராமல் போய், பொய்யான நல்ல செய்தி வரும். பெண் குழந்தையென்றால் முன்னிருந்து பின்னோக்கித் துடைக்க வேண்டும். ஆண் குழந்தையின் முன்தோலை வலிந்து இழுக்கக்கூடாது. அம்மம்மா குழந்தையை அக்குளில் பிடித்துக் கால்கள் தொங்கத் தூக்கிக்கொள்கிறார். தாயின் ஒரு கையில் போத்தல். மூடி மேசையில் மல்லாந்து கிடக்கிறது, அதன் உட்பக்கத்தை யாரும் தொடவில்லை. முதல் துளிகள் கீழே போகட்டும். அடுத்து வரும் தாரையில் போத்தலை நீட்ட வேண்டும். தாரை இரண்டு செக்கனில் நின்றுவிடலாம். ஐந்து மில்லிலீற்றர் கிடைத்தாலே போதும்.

காத்திருக்கும் நேரத்தைக் குறைக்க இரண்டு முறைகள் ஆய்வில் தேறியுள்ளன. ஸ்பெயினின் மத்ரிட் நகர வைத்தியர்கள் 2013இல் வெளியிட்ட முறையில், பாலூட்டிய பின் சிசுவைத் தூக்கிப் பிடித்து, அடிவயிற்றில் விரல் நுனியால் 30 செக்கன் விரைவாகத் தட்டுவார்கள். பிறகு இடுப்பின் பின்புறம் முதுகெலும்பின் இருமருங்கிலும் 30 செக்கன் தேய்ப்பார்கள். இதை மாறி மாறிச் செய்வார்கள். 80 சிசுக்களில் 86 வீதத்தினர் ஐந்து நிமிடத்துக்குள் சிறுநீர் கழித்தனர். மெல்பேணிலுள்ள அரச சிறுவர் வைத்தியசாலை 2017இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் எளிமையானது: குளிர்ந்த உப்புநீரில் நனைத்த துணியால் அடிவயிற்றை வட்டமாகத் தேய்ப்பது. ஒரு மாதம் முதல் ஒரு வயது வரையான 354 குழந்தைகளை இரண்டாகப் பிரித்துப் பார்த்ததில், தேய்த்த குழந்தைகளில் 31 வீதமும் தேய்க்காதவர்களில் 12 வீதமும் ஐந்து நிமிடத்துக்குள் கழித்தனர். எல்லாக் குழந்தைகளுக்கும் பலிக்காது என்பதை இந்த எண்களே காட்டுகின்றன. ஆயினும் செலவு ஒரு துண்டுத் துணி மட்டுமே. நெரிசல் மிகுந்த வெளிநோயாளர் பிரிவில் அந்த ஐந்து நிமிடத்துக்கு ஒரு மூலையை ஒதுக்கிக் கொடுத்தால், பின்னால் வரும் பல நாள் அலைச்சல் மிச்சம்.

பிடித்த சிறுநீர் போகும் வழியும் முக்கியம். ஈ.கோலை தனக்கு வாய்ப்பான வெப்பத்தில் அரை மணிக்கு ஒருமுறை இரட்டிப்பாக வல்லது. தோலிலிருந்து தவறி விழுந்த 10,000 கிருமி இரண்டு மணி நேரத்தில் 160,000 ஆகலாம். அதாவது தொற்றில்லாத பிள்ளையின் சிறுநீர், டபிள்யூ.ஏ. சில்வா மாவத்தை நெரிசலில் ஓட்டோவுக்குள் இருந்தபடியே தொற்றுள்ளதாக மாறிவிடும். உடனே கொண்டுபோக முடியாவிட்டால் போத்தலைப் பிரிட்ஜில் வைக்க வேண்டும், உறைய வைக்கும் தட்டில் அல்ல. ஐஸ் கட்டியுடன் பையில் வைத்துக் கொண்டுபோகலாம். எடுத்த நேரத்தைப் போத்தலில் எழுத வேண்டும்.

ஆய்வுகூடத்தில் முதலில் நடப்பது ‘யூரின் ஃபுல் ரிப்போட்’. நிறமூட்டிய சதுரங்கள் ஒட்டிய துண்டைச் சிறுநீரில் தோய்த்து, குறித்த நேரத்தில் நிறமாற்றத்தைப் பார்க்கிறார்கள். தோய்த்ததும் படிக்கும் இந்தத் துண்டு, அமெரிக்காவின் எல்க்ஹார்ட் நகரில் அல்பிரட் பிறீ, ஹெலன் பிறீ தம்பதியின் ஆய்விலிருந்து 1956இல் சந்தைக்கு வந்தது. அன்று அது சீனியை மட்டும் காட்டியது, இன்று பத்துச் சதுரங்கள் உண்டு. தொற்றுக்கு அவற்றில் இரண்டுதான் பேசும். ஒன்று நைத்திரைற்று. உணவிலிருந்து சிறுநீருக்கு வரும் நைத்திரேற்றை ஈ.கோலை போன்ற கிருமிகள் நைத்திரைற்றாக மாற்றுகின்றன. அந்தச் சதுரம் இளஞ்சிவப்பாகிறது. அப்படியானால் தொற்று இருப்பது ஏறக்குறைய நிச்சயம். ஆனால் இந்த மாற்றம் நடக்கச் சிறுநீர், சிறுநீர்ப்பையில் நாலு மணி நேரமாவது தங்க வேண்டும். கைக்குழந்தை மணிக்கொருமுறை கழிக்கும். அதனால் தொற்றுள்ள குழந்தைகளில் பாதிப் பேரில் இந்தச் சதுரம் நிறம் மாறாமலே இருந்துவிடுகிறது. மற்றது வெண்குருதிக் கலங்களின் நொதியைக் காட்டுவது. அது தொற்றைத் தவறவிடுவது குறைவு. ஆனால் வேறு காய்ச்சலிலும் நிறம் மாறக்கூடும். இரண்டையும் சேர்த்துப் படிப்பதே முறை. துண்டுப் போத்தலின் மூடியைத் திறந்து வைத்தால் கொழும்பின் ஈரக்காற்றில் நைத்திரைற்றுச் சதுரம் தானாகவே சிவக்கும் என்பதை, வீட்டில் வாங்கி வைப்பவர்கள் கவனிக்க வேண்டும்.

பிறகு நுணுக்குக்காட்டி. ‘பஸ் செல்ஸ்’ என்று ரிப்போட்டில் வருவது வெண்குருதிக் கலங்கள். ஒரு காட்சிப்புலத்தில் ஐந்துக்கு மேல் இருந்தால் சந்தேகம். அந்த வரியை மட்டும் பார்த்துவிட்டு மருந்துக்கடைக்குப் போகும் வழக்கம் நம்மிடையே மிகுதி. அது பிழை. முடிவைச் சொல்வது கல்ச்சர். சிறுநீரைத் தட்டில் பரப்பி, 37 பாகையில் ஓரிரவு வைத்து, வளரும் திட்டுகளை எண்ணுகிறார்கள். நடுத்தாரைச் சிறுநீரில் ஒரே வகைக் கிருமி மில்லிலீற்றருக்கு 1 இலட்சம் அல்லது அதற்கு மேல் வளர்ந்தால் தொற்று எனக் கொள்வது, 1950களில் அமெரிக்க வைத்தியர் எட்வர்ட் காஸ் வகுத்த அளவுகோல். மூன்று நாலு வகை கலந்து வளர்ந்தால் அது பெரும்பாலும் தோலின் கதை. மருந்து கொடுக்காமல் மறுபடி எடுக்க வேண்டும். கூடவே வரும் ‘ஏ.பி.எஸ்.ரி.’ எந்த மருந்துக்குக் கிருமி அடங்கும், எதற்கு அடங்காது என்று சொல்கிறது. மருந்தை எதிர்த்து நிற்கும் ஈ.கோலை பெருகிவிட்ட இக்காலத்தில் இந்தத் தாள்தான் வைத்தியரின் வழிகாட்டி. அன்டிபயோட்டிக்கின் முதல் கரண்டி உள்ளே போன சில மணி நேரத்தில் சிறுநீரில் கிருமி வளராமல் போகலாம். அதற்குப் பின் எடுத்த கல்ச்சரில் ஒன்றும் வளரவில்லை என்று வந்தால் அதற்குப் பொருளே இல்லை.

சிறுநீர் சொல்வது தொற்றை மட்டுமல்ல. சித்த மருத்துவத்தில் நீர்க்குறி என்ற பிரிவு சிறுநீரின் நிறம், எடை, மணம், நுரை, எஞ்சல் என்ற ஐந்தையும் பார்க்கச் சொன்னது. நெய்க்குறி அதில் ஒரு துளி நல்லெண்ணெய் விட்டு, அது பாம்பாய் நீள்கிறதா, மோதிரமாய் விரிகிறதா, முத்தாய் நிற்கிறதா என்று பார்த்து வாத பித்த கபத்தைக் கணித்தது. அந்தக் கணிப்பை இன்றைய நோயறிதலுக்கு எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் நுரையைப் பார்த்த கண் வீணான கண் அல்ல. அடங்காமல் நிற்கும் நுரை, சிறுநீரில் புரதம் ஒழுகுவதன் அடையாளமாக இருக்கலாம். இலண்டன் வைத்தியர் றிச்சட் பிறைற் 1827இல் வெளியிட்ட ஆய்வில் வீக்க நோயையும் புரதம் கலந்த சிறுநீரையும் சிறுநீரகத்துடன் இணைத்துக் காட்டினார். அவர் கையில் இருந்த கருவி ஒரு கரண்டியும் மெழுகுதிரியும். சூடாக்கினால் முட்டை வெண்கரு போலக் கலங்கும்.

பிறைற் செய்ததை இன்றும் நெப்ரோற்றிக் நோயுள்ள பிள்ளைகளின் பெற்றோர் தம் குசினியில் செய்கிறார்கள். காலையில் கண்ணைச் சுற்றி வீங்கி எழும் பிள்ளை, சிறுநீரில் புரதத்தை ஏராளமாக இழக்கும் பிள்ளை. பத்தில் எட்டுப் பேருக்கு மேல் பிறெட்னிசொலோன் மருந்தில் குணமாகும். ஆனால் பெரும்பாலானோருக்குத் திரும்ப வரும். திரும்புவதை வீக்கத்துக்கு முன்பே காட்டுவது காலைச் சிறுநீர். சோதனைக் குழாயில் சிறுநீரை எடுத்து, சல்போசலிசிலிக் அமிலத்தில் சில துளி விட்டு, குழாயைப் பத்திரிகை எழுத்துக்கு முன் பிடிக்கிறார்கள். எழுத்தை வாசிக்க முடிகிற கலங்கல் என்றால் ஒரு பிளஸ். தடித்த கறுப்புக் கோடு மட்டும் தெரிந்தால் இரண்டு. அதுவும் மறைந்தால் மூன்று. தொடர்ந்து மூன்று நாள் மூன்று பிளஸ் என்றால் நோய் திரும்பிவிட்டது. மூன்று நாள் ஒன்றும் இல்லையென்றால் அடங்கிவிட்டது. திகதி போட்டு ஒரு கொப்பியில் எழுதப்பட்ட அந்த வரிசை, கிளினிக் மேசையில் எந்த விலையுயர்ந்த ஸ்கானுக்கும் குறையாத ஆவணம். தொடர்ந்து எழுதும் தாய்மாரின் உழைப்புக்குரிய மதிப்பை வைத்தியத்துறை இன்னும் முழுதாகக் கொடுக்கவில்லை.

இரத்தம் கலந்தால் நிறமே சொல்லும். சிறுநீரகத்தின் வடிகட்டியில் அழற்சி ஏற்பட்டால் சிறுநீர் பிளேன்ரீ நிறத்தில் வரும். தொண்டை நோவுக்கு ஓரிரு வாரத்துக்குப் பிறகோ, சொறி சிரங்குக்குச் சில வாரங்களுக்குப் பிறகோ இது வந்தால், பிள்ளையின் இரத்த அழுத்தத்தை அன்றே அளக்க வேண்டும். பீற்றூட் தின்ற மறுநாளும், றிபாம்பிசின் மருந்து குடிக்கும் நாட்களிலும் நிறம் மாறும். அங்கே துண்டு இரத்தம் காட்டாது. வெளியே ஒன்றும் தெரியாத புரதத்தையும் இரத்தத்தையும் முன்கூட்டிக் கண்டுபிடிக்க, ஜப்பான் 1974 முதல் பள்ளிப் பிள்ளைகள் அனைவரின் சிறுநீரையும் ஆண்டுதோறும் பரிசோதித்து வருகிறது.

பள்ளிப் பருவத்தில் கவனிக்க வேண்டிய இன்னொன்று, அடக்கி வைத்தல். மலசலகூடம் அசுத்தம் என்று காலை ஏழு மணி முதல் இரண்டு மணி வரை அடக்கும் பெண்பிள்ளைகளுக்குத் தொற்றுத் திரும்பத் திரும்ப வரும். மலச்சிக்கல் அதைக் கூட்டும். சிறுநீர்ப்பையின் எதிர்பார்க்கும் கொள்ளளவு, வயதுடன் ஒன்றைக் கூட்டி 30ஆல் பெருக்கினால் வருவது: ஆறு வயதுப் பிள்ளைக்கு 210 மில்லிலீற்றர். எத்தனை தடவை, எவ்வளவு என்று இரண்டு நாள் அளந்து எழுதினாலே பாதி நோயறிதல் முடிந்தது. ஆண் குழந்தையின் தாரையைப் பார்ப்பதும் ஒரு பரிசோதனைதான். முக்கி, சொட்டுச் சொட்டாகக் கழித்தால் சிறுநீர்வழியில் அடைப்பு இருக்கலாம்.

சிறுநீர் சொல்லாதவையும் உண்டு. தொற்று வந்த பிள்ளைகளில் நாலில் ஒருவருக்கு மேல் சிறுநீர், சிறுநீர்ப்பையிலிருந்து சிறுநீரகம் நோக்கிப் பின்வாங்குகிறது. அதைக் காட்ட இன்றும் குழாய் ஏற்றி மருந்து செலுத்தும் எக்ஸ்றேதான் தேவை. அதனால்தான் அது எல்லாப் பிள்ளைகளுக்கும் செய்யப்படுவதில்லை. நோவில்லாத அல்ட்ராசவுண்ட் முதலில் செய்யப்படும். பிறக்கும் முன்பே ஸ்கானில் சிறுநீரகம் விரிந்து தெரியும் குழந்தைகளில் யாருக்குச் சத்திரசிகிச்சை வேண்டும் என்று சிறுநீரிலேயே கண்டறிய முயன்றது, பிரான்சின் துலூஸ் நகரில் ஸ்ரெபான் டெக்ராமர் முதலானோர் 2006இல் ‘நேச்சர் மெடிசின்’ இதழில் வெளியிட்ட ஆய்வு. சிறுநீரிலுள்ள சிறு புரதத் துண்டுகளின் கோலத்தை வைத்து 94 வீதம் சரியாக, மாதங்களுக்கு முன்பே சொல்ல முடிந்தது. இருந்தும் அது அன்றாடப் பரிசோதனையாகவில்லை. இயந்திரம் விலை கூடியது. 36 குழந்தைகளில் கண்டது எல்லாக் குழந்தைகளுக்கும் பொருந்துமென்று நிறுவப் பெரிய ஆய்வுகள் வேண்டும். சிறுநீரகம் தாக்கப்படும்போது உயரும் என்கால் (NGAL) என்ற புரதம் இப்போது வைத்தியசாலைகளை நெருங்கி வருகிறது. சிறுநீர்த் தொற்றிலும் அது உயர்வதாக ஆய்வுகள் காட்டுகின்றன.

அவை வரும் வரை கையில் இருப்பது போத்தலும் துண்டும் கல்ச்சர் தட்டும்தான். ஒருமுறை சிறுநீர்த் தொற்று வந்த பிள்ளைக்கு அடுத்த முறை காய்ச்சல் வந்தால், 48 மணி நேரத்துக்குள் சிறுநீரைப் பார்க்க வேண்டும் என்பது இன்றைய வழிகாட்டல். அப்படியான பிள்ளை உள்ள வீட்டில், பிரிக்காத கிருமியற்ற போத்தல் ஒன்று அலுமாரியில் இருக்கட்டும். பழைய கல்ச்சர் ரிப்போட்டுகள் ஒரே உறையில் இருக்கட்டும். களுபோவிலை வைத்தியசாலைக்குப் போனாலும் பொறளைக்குப் போனாலும் அவை கூடவே வரட்டும். போன தடவை மிஞ்சிய அன்டிபயோட்டிக் பாணியை மட்டும் இன்றே கொட்டிவிடுங்கள்.